பகுதி எண்ணப்படாத கணக்கு

ஒரு நிகழ்வு நேர்வதற்கு உள்ள வாய்ப்பைப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் குறிப்பதே நிகழ்தகவு ஆகும். அந்த எண்ணைப் பெறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பொருளின் அமைப்பை ஆராய்ந்து, நேரக்கூடிய விளைவுகள் யாவும் ஒன்றுக்கொன்று சமமான வாய்ப்புடையவை என்று கொண்டு, அவற்றுள் வேண்டியவை எத்தனை என்று கணக்கிடுவது முதல் வழி. இவ்வாறு பெறப்படுவது அறிமுறை நிகழ்தகவு. பலமுறை செய்து பார்த்தோ, நேர்ந்தவற்றைப் பலநாள் குறித்து வைத்தோ, மொத்த முறைகளில் எத்தனை முறை அந்த நிகழ்வு நேர்ந்தது என்று எண்ணிப் பின்னமாக்குவது இரண்டாவது வழி. இது பரிசோதனை நிகழ்தகவு. இரண்டும் பின்னங்களே. மேலே நிற்பது தொகுதி, அதாவது வேண்டிய நிகழ்வின் எண்ணிக்கை. கீழே நிற்பது பகுதி, அதாவது வாய்ப்புகளின் மொத்த எண்ணிக்கை. பாடசாலைக் கணிதத்தில் இந்த இரண்டு வழிகளும் நாணயத்தோடும் தாயக்கட்டையோடும் தொடங்கிப் பெரும்பாலும் அவற்றோடே முடிந்துவிடுகின்றன. ஆனால் யாழ்ப்பாணத் தீவகத்தின் நயினாதீவு போன்ற ஒரு கடல்சூழ் ஊரில், நாணயத்தைப்போல ஒழுங்காக இருபுறமும் சமமாக அமைந்த பொருளோ நிகழ்வோ மிகச் சிலவே உண்டு என்பதும், அங்குள்ள வாழ்க்கையின் முக்கியமான வாய்ப்புகள் யாவும் எண்ணித்தான் அறியப்பட வேண்டியவை என்பதும் கவனிக்கப்படவில்லை.

தீவகத்துக் கரைகளில் கிடைக்கும் சோகியையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் சோழி என்று வழங்கும் இந்தச் சிப்பிக்கு, பற்கள் போன்ற விளிம்புடைய பிளந்த வாய் ஒருபுறமும், வழவழப்பான கூன் முதுகு மறுபுறமும் உண்டு. அதைக் குலுக்கி உருட்டினால் வாய் மேலாகவோ முதுகு மேலாகவோதான் விழும். ஆகவே விளைவுகள் இரண்டு. நாணயத்துக்கும் விளைவுகள் இரண்டு. இந்த ஒற்றுமையை மட்டும் கண்டு, சோகியின் வாய் மேலாக விழும் நிகழ்தகவும் இரண்டில் ஒன்று என்று முடிவு கட்டும் மாணவர், அறிமுறை நிகழ்தகவின் அடிப்படை நிபந்தனையையே தவறவிடுகிறார். விளைவுகள் இரண்டாக இருப்பது வேறு, அவை சமமாய் நேரத்தக்கவையாக இருப்பது வேறு. முதுகின் வளைவு, ஓட்டின் தடிப்பு, உருட்டப்படும் தரை மணலா சீமெந்தா பனையோலைப் பாயா என்பது, முதுகு கல்லில் உரைத்துத் தட்டையாக்கப்பட்டிருக்கிறதா என்பது ஆகிய எல்லாம் சேர்ந்தே அந்தப் பின்னத்தைத் தீர்மானிக்கின்றன. வடிவத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட எந்தக் கணித நூலாலும் இயலாது. ஐந்நூறு முறை, ஆயிரம் முறை உருட்டி எண்ணுவது ஒன்றே வழி.

இவ்வாறு எண்ணிப் பெற்ற சிறு வேறுபாடுகூட விளையாட்டில் எவ்வளவு பெரிதாக வெளிப்படுகிறது என்பது வியப்புக்குரியது. ஆறு சோகிகளை உருட்டி, அவற்றுள் ஒன்று மட்டும் வாய் மேலாக விழுவதைத் தாயம் என்று கொள்ளும் ஆட்டமுறையைக் கருதுக. ஒவ்வொரு சோகிக்கும் வாய் மேலாகும் வாய்ப்பு சரிபாதி என்று கொண்டால், நேரக்கூடிய 64 அமைப்புகளில் 6 அமைப்புகளே தாயமாகும். அதன் நிகழ்தகவு ஏறத்தாழ 9.4 சதவீதம், அதாவது பத்து உருட்டலில் ஒன்றுக்கும் குறைவு. மாறாக, எண்ணிப் பார்த்ததில் அந்தச் சோகிகள் பத்துக்கு நான்கு முறையே வாய் மேலாக விழுவதாகத் தெரிய வந்தால், தாயத்தின் நிகழ்தகவு 18.7 சதவீதமாகிவிடுகிறது, ஒரு சோகியில் பத்தில் ஒரு பங்கு வேறுபாடு ஆறு சோகியில் இருமடங்கு வேறுபாடாகப் பெருகிவிட்டது. ஆறும் வாய் மேலாக விழுவதற்கான வாய்ப்போ, 64-இல் ஒன்றாக இருந்தது ஏறத்தாழ 244-இல் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. பரிசோதனையும் அறிமுறையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. ஒற்றைச் சோகியின் இயல்பைப் பரிசோதனை தருகிறது. அதை ஆறு சோகிக்கு விரித்துச் சொல்லும் கணக்கை அறிமுறை தருகிறது. பாடநூலில் தனித்தனித் தலைப்புகளாக நிற்கும் இவ்விரண்டும் நடைமுறையில் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

எண்ணுவது என்றால் எத்தனை முறை எண்ணுவது என்ற கேள்வி உடனே எழும். இதற்கான விடையின் வேர், சுவிற்சர்லாந்துக் கணித அறிஞர் யாக்கோபு பேர்னூலி இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1713-இல் வெளிவந்த அவரது நூலில் உள்ளது. முறைகளின் எண்ணிக்கை கூடக்கூட, பரிசோதனையில் பெற்ற பின்னம் உண்மையான நிகழ்தகவை நெருங்கிவரும் என்று அவர் நிறுவினார். பேரெண் விதி என்று இன்று வழங்குவது அதுவே. இந்த விதிக்கு மிகப் பொறுமையான செயல்விளக்கம் தந்தவர் தென்னாபிரிக்காவைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஜோன் கெரிச். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் சிக்கித் தடுப்பு முகாமில் வைக்கப்பட்ட அவர், அங்கே ஒரு நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டி ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார். முதல் பத்தில் தலை விழுந்தது 4, முதல் நூறில் 44, முதல் ஆயிரத்தில் 502, பத்தாயிரத்தில் 5,067.

இந்த எண்களில் மறைந்திருக்கும் ஒரு நுட்பத்தை ஆசிரியர்கள் நின்று நிதானித்துக் காட்ட வேண்டும். சரிபாதியிலிருந்து விலகிய எண்ணிக்கை நூறில் 6, ஆயிரத்தில் 2, பத்தாயிரத்தில் 67. நூறையும் பத்தாயிரத்தையும் ஒப்பிட்டு எண்ணிக்கையாகப் பார்த்தால் விலகல் கூடியிருக்கிறது. பின்னமாகப் பார்த்தால் 6 சதவீதமாக இருந்தது 0.67 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நாணயம் பழைய குறையை ஈடுசெய்யவில்லை. பகுதி பெருத்ததனால் விலகல் சிறுத்துத் தெரிகிறது, அவ்வளவே. தாயம் விழாமல் பத்து உருட்டல் போய்விட்டால் அடுத்ததில் விழுந்தே தீரும் என்ற நம்பிக்கையும், மூன்று ஆண்டு மாரி பொய்த்ததால் இவ்வாண்டு பெய்தே ஆகவேண்டும் என்ற பேச்சும் இந்த நுட்பத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதன் விளைவுகள். சோகிக்கு நினைவாற்றல் கிடையாது. துல்லியத்தைப் பொறுத்தவரை, சரிபாதியை ஒட்டிய நிகழ்தகவுகளுக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: முறைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, அதனால் ஒன்றை வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழப் பிழையின் எல்லை. நூறு முறைக்குப் பத்து சதவீதம் கூடுதல் குறைவு, நானூறு முறைக்கு ஐந்து சதவீதம், பத்தாயிரம் முறைக்கு ஒரு சதவீதம். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இதன் பொருள். முப்பது முறை உருட்டிவிட்டு முடிவெழுதும் வகுப்பறைப் பயிற்சி ஏன் போதாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

எண்ணுதலையும் சூதையும் இணைத்துப் பார்க்கும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. மகாபாரதத்துள் வரும் நளன் கதையில், தேரில் செல்லும் அயோத்தி மன்னன் இருதுபன்னன் வழியில் நின்ற தான்றி மரத்தின் காயும் இலையும் இத்தனை என்று சொல்ல, நளன் தேரை நிறுத்தி எண்ணிச் சரிபார்க்கிறான். எண்ணும் வித்தையும் சூதின் மறைபொருளும் ஒன்றாகவே அவனுக்கு வந்து சேர்கின்றன. சூதாடி நாட்டை இழந்தவனுக்கு மீட்சி எண்ணுதல் வழியாக வருவதாகக் கதை அமைந்திருப்பது தற்செயலாக இராது.

சோகியிலிருந்து கடலுக்கு வந்தால் கணக்கு விளையாட்டாக இருப்பதில்லை. நயினாதீவுக்குத் தரைவழி கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து படகில்தான் தீவை அடைய முடியும். காற்று அடங்கிய நாளில் அது கால் மணி நேரத்தை ஒட்டிய பயணம். நெடுந்தீவுக்கு அதே துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்கும், நாகதீப விகாரைக்கும் வரும் யாத்திரிகர்கள் ஆண்டில் சில நாள் இந்தக் கடலைக் கடக்கின்றனர். தீவின் ஆசிரியரும் மாணவரும் நோயாளரும் ஆண்டு முழுதும் கடக்கின்றனர். படகு ஓடுமா என்ற கேள்விக்கு, ஓடும் அல்லது ஓடாது, இரண்டில் ஒன்று என்று சொல்வதும், சோகிக்குச் சரிபாதி சொல்வதும் ஒரே தவறுதான். இங்கே சமச்சீர் என்று ஒன்றில்லை. கடலின் நிலையை வகுப்பது காற்று; அந்தக் காற்றுகளுக்குத் தீவக மக்கள் வழங்கும் பெயர்களே ஒரு தரவு வகைப்பாடு. தென்மேற்கிலிருந்து கோடையில் இரையும் சோளகம், வடக்கிலிருந்து மாரிக்குப் பின்னும் நீளும் வாடை, கிழக்குப்புறமிருந்து மழையோடு வரும் கொண்டல், மேற்கின் கச்சான் என்று கடலோடிகள் பிரித்துப் பேசுவது, நிகழ்தகவை நிபந்தனையோடு சொல்ல வேண்டும் என்ற கணிதக் கருத்தை அனுபவத்தால் கண்டடைந்ததன் அடையாளமே.

நிபந்தனை நிகழ்தகவு என்பது, ஒரு செய்தி முன்னரே தெரிந்திருக்கும் நிலையில் மற்றொரு நிகழ்வுக்கு உள்ள வாய்ப்பைக் குறிக்கும். கணக்கின் பொருட்டு ஒரு பதிவேட்டைக் கற்பனை செய்து கொள்ளலாம்: 200 நாட்களில் 10 நாள் சேவை நின்றது. பரிசோதனை நிகழ்தகவு 5 சதவீதம். அந்த 200 நாட்களில் 30 நாள் பலத்த காற்று வீசியதாகவும், நின்ற 10 நாட்களில் 9 நாள் அந்த முப்பதுக்குள் அடங்கியதாகவும் பதிவேடு காட்டினால், காற்றுள்ள நாளில் சேவை நிற்கும் வாய்ப்பு 30 சதவீதம். மற்ற 170 நாட்களில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முதலில் சொல்லப்பட்ட 5 சதவீதம் பிழையான எண்ணன்று. ஆனால் அது எந்த ஒரு நாளின் உண்மையையும் சொல்லவில்லை. பரீட்சைக்காகத் தீவிலிருந்து புறப்பட வேண்டிய மாணவருக்கோ, நோயாளியை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய குடும்பத்துக்கோ தேவைப்படுவது, அன்றைய காற்றோடு சேர்ந்த எண்.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையான பகுதி, மனித நினைவில் தங்குவதில்லை. படகு நின்ற நாள் நினைவில் நிற்கும். ஓடிய நாள் நில்லாது. கனவு பலித்தது பேசப்படும். பலிக்காத கனவுகள் காலையிலேயே மறைந்துவிடும். இன்ன அறிகுறி கண்டால் மழை வரும் என்ற சொல்லுக்கு மழை வந்த நாட்களே சாட்சியாக அழைக்கப்படுகின்றன. அறிகுறி கண்டும் வராத நாளும், காணாமலே வந்த நாளும் சாட்சிக்கு அழைக்கப்படுவதில்லை. மாரி காலத்தில் மழை வரும் என்று எந்த அறிகுறியை வைத்துச் சொன்னாலும் பலமுறை பலித்தே தீரும். ஆகவே அறிகுறியின் தகுதியை அளக்க, அது இல்லாத நாட்களிலும் எத்தனை நாள் மழை பெய்தது என்பதை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். மக்களின் அனுபவ அறிவைக் குறைத்துச் சொல்வது இதன் நோக்கமன்று. கடலோடிகளின் குறிகளுள் பல இந்தச் சோதனையில் தேறக்கூடும். தேறினால் அவை நம்பிக்கை என்ற நிலையிலிருந்து அறிவு என்ற நிலைக்கு உயரும்.

பதிவேடு ஒன்று தொடர்ந்து பேணப்பட்டால் அது என்ன செய்யும் என்பதற்கு இலண்டனிலிருந்து ஒரு பழைய சான்று உண்டு. பிறக்கும் குழந்தை ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கும், ஆகவே வாய்ப்பு சரிபாதி என்பது எளிதில் ஏற்கத்தக்க அறிமுறை. ஜோன் ஆபத்நொட் என்ற மருத்துவர், 1629 முதல் 1710 வரையான 82 ஆண்டுகளின் ஞானஸ்நானப் பதிவுகளைத் திரட்டியபோது, ஓராண்டுகூடத் தவறாமல் ஆண் குழந்தைகளின் எண்ணிக்கையே கூடியிருந்தது. சரிபாதி என்பது உண்மையானால், 82 முறை சுண்டிய நாணயம் 82 முறையும் தலையாக விழுவது போன்ற நிகழ்ச்சி அது. இதற்கு அவர் இறைவனின் திட்டம் என்று விளக்கம் தந்தார். விளக்கம் எதுவாயினும், நூறு பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் என்ற விகிதம் பிற்காலத்தில் உலகெங்கும் உறுதியானது. எவரோ ஒரு குருவானவர் வாரந்தோறும் சலிக்காமல் எழுதிய வரிகள், அவர் எண்ணியிராத ஒரு கேள்விக்கு விடையளித்தன.

எண்ணியும் பூச்சியமே வந்தால் என்ன சொல்வது? முப்பது நாள் தொடர்ந்து பார்த்ததில் ஒருநாளும் சேவை நிற்கவில்லை என்றால், பரிசோதனை நிகழ்தகவு பூச்சியம். அதை அப்படியே ஏற்று, நிற்கவே நிற்காது என்று கொள்வது ஆபத்தானது. இத்தகைய நிலைக்குப் புள்ளியியலார் கையாளும் எளிய விதி, மூன்றை முறைகளின் எண்ணிக்கையால் வகுப்பது: முப்பது நாள் நிகழாத ஒன்றின் உண்மையான நிகழ்தகவு பத்து சதவீதம்வரைகூட இருக்கலாம், முந்நூறு நாள் நிகழாவிட்டால் ஒரு சதவீதம்வரை இருக்கலாம். அரிய பேரிடர்களைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த இடத்தில் கவனமாக நடைபெற வேண்டும். 1964 திசம்பர் 22, 23-இல் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்ததோடு இலங்கையின் வடபகுதியையும் தாக்கியது. 2008 நவம்பர் 25-இல் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பெய்தது. நூறாண்டுக்கு ஒருமுறை நேரும் வெள்ளம் என்ற சொல்வழக்கு, ஒருமுறை வந்துவிட்டதால் இனி நூறாண்டுக்கு அச்சமில்லை என்ற பொருளைத் தந்துவிடுகிறது. அதன் உண்மைப் பொருள், ஒவ்வோர் ஆண்டும் ஒரு சதவீத வாய்ப்பு என்பதே. முப்பது ஆண்டு நிலைக்க வேண்டிய ஓர் இறங்குதுறைக்கோ கட்டடத்துக்கோ, அந்தக் காலத்துள் ஒருமுறையேனும் அத்தகைய வெள்ளம் நேரும் நிகழ்தகவு ஏறத்தாழ 26 சதவீதம். நான்கில் ஒன்று என்பது அரியது என்று ஒதுக்கத்தக்க எண்ணன்று.

அறிமுறைக் கணக்கு மிக எளிதாக வழிதவறும் இடம், நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோள். ஒரு படகு ஒரு நாளில் ஓடாமல் போகும் வாய்ப்பு பத்து சதவீதம் என்றால், இரண்டு படகுகளும் ஓடாமல் போகும் வாய்ப்பு ஒரு சதவீதம் என்று பெருக்கிச் சொல்வது பாடநூல் முறை. இயந்திரக் கோளாறு மட்டுமே காரணமானால் அது சரி. காற்று காரணமானால், ஒன்றை நிறுத்தும் அதே சோளகம் மற்றதையும் நிறுத்தும். ஆகவே மாற்றுப்படகு ஒன்று இருப்பதனாலேயே நோயாளியின் பயணம் பத்து மடங்கு பாதுகாப்பாகிவிட்டது என்று திட்டமிடுவோர் கருதக்கூடாது. காற்றோடு தொடர்பற்ற மாற்று எது என்பதையே அவர்கள் தேட வேண்டும்; தீவிலேயே கிடைக்கும் மருத்துவ வசதியின் மதிப்பு இந்தக் கணக்கில்தான் முழுமையாகத் தெரியவரும். மழையும் இத்தகையதே. தெல் அவீவ் நகரின் குளிர்கால மழைப் பதிவுகளை ஆராய்ந்து 1962-இல் வெளியான ஓர் ஆய்வில், மழைநாளை அடுத்து மழைநாள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 66 சதவீதமாகவும், வறண்ட நாளை அடுத்து மழைநாள் வரும் வாய்ப்பு 25 சதவீதமாகவும் இருந்தன. மழைநாட்கள் கூட்டமாகவே வருகின்றன. குடிநீருக்குக் கூரை மழையைச் சேகரிக்க விரும்பும் தீவு வீட்டார், தொட்டியின் அளவை மாதச் சராசரியைக் கொண்டு வகுத்தால், தொட்டி, கூட்டமாகப் பெய்யும்போது வழிந்தோடியும் இடைவெளியில் வறண்டும் போகும்.

காத்திருத்தலும் இதே வகையான ஒரு வியப்பைத் தரும். படகுகள் சரியாக அரைமணிக்கு ஒன்று புறப்பட்டால், நேரம் பாராமல் துறைக்கு வருபவர் சராசரியாகக் காத்திருப்பது பதினைந்து நிமிடம். அவையே பத்து நிமிடமும் ஐம்பது நிமிடமும் மாறிமாறி இடைவெளி விட்டுப் புறப்பட்டால் சராசரி இடைவெளி அப்போதும் அரைமணியே. ஆனால் காத்திருப்பின் சராசரி ஏறத்தாழ 22 நிமிடமாக உயரும், ஏனெனில் வருபவர் நீண்ட இடைவெளிக்குள் அகப்படும் வாய்ப்பே கூடுதல். சேவை வழங்குவோர் சொல்லும் சராசரியும் பயணி உணரும் சராசரியும் வேறுபடுவதில் எவரும் பொய் சொல்லவில்லை; ஒருவர் படகுகளைப் பகுதியாகக் கொள்கிறார், மற்றவர் பயணிகளைப் பகுதியாகக் கொள்கிறார்.

தீவகக் கல்வி வலயத்தின் பாடசாலைகள் இந்த வேலையைத் தொடங்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு கொப்பியும், நேர்ச்சுவருடைய ஒரு போத்தலில் அளவுகோல் ஒட்டிச் செய்த மழைமானியும், துறையைப் பார்க்கக்கூடிய இரு மாணவரும் போதும். நாள், காற்றின் திசையும் பலமும், மழை எத்தனை மில்லிமீற்றர், முதற்படகு புறப்பட்ட நேரம், நின்ற சேவைகள் எத்தனை, திருவிழா அல்லது பூரணை நாளா என்ற ஆறு நிரல்கள் போதும். ஓராண்டில் 365 வரிகள் சேரும்; ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும் மாணவர் சாதாரண தரப் பரீட்சைக்கு அமர்வதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் அவர் கையில் இருக்கும், அவருக்குப் பின் வருபவர் அதன்மேல் தொடர்ந்து எழுதுவார். ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் வேண்டும்: ஏதேனும் நேர்ந்த நாளில் மட்டும் எழுதத் தொடங்கினால் அந்தக் கொப்பி முழுவதும் பயனற்றதாகிவிடும். காற்று அடங்கி, மழை இல்லாமல், படகுகள் யாவும் நேரத்துக்கு ஓடிய ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும்.